ரேங்க் வந்தாச்சு, ஆர்டர் எங்கே?

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 ரிசல்ட் வந்த அன்றைக்கே ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சர்ச் வாசலில் ஒருவர் ‘தாசில்தார் ஆபீஸா?’ என்பார். டீக்கடையில் இன்னொருவர் சம்பளத்தையே சொல்லிவிடுவார். எனக்கு ஒருபடி மேலே. கூட்டுறவு சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு ஒரு மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போது நான் மல்லிகை நாற்றுப் பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது இரண்டு எண்கள் மட்டும்: ஒட்டுமொத்த ரேங்க், இனவாரி ரேங்க் (நம் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் எத்தனையாவது என்பது).

இப்போது என் சித்தி மகன் அதே இடத்தில் நிற்கிறான். “அக்கா, இனிமே என்ன நடக்கும்?” என்று தினமும் போன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், வேலை கொடுப்பதில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்துத் துறைக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். பணி நியமன ஆணையைத் தருவது துறை. இது தெரியாமல் கவுன்சிலிங் (ரேங்க் வரிசையில் கூப்பிட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பது) முடிந்த பிறகும் ராத்திரி பகலாகத் தேர்வாணைய இணையதளத்தையே திறந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பைல் அங்கிருந்து கிளம்பி ரொம்ப நாளாகியிருக்கும்.

நான் எழுதியது 2022 ஜூலை 24 தேர்வு. ரிசல்ட் 2023 மார்ச் 24. எட்டு மாதக் காத்திருப்பு ரிசல்ட்டுக்கே போனது. வந்ததும் வந்தது, மூன்று வாரத்தில் ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாவுக்கு வருமானம் கிடையாது. ஊருக்கு நான் கவர்மெண்ட் உத்தியோகம், வீட்டுக்கு நாற்றுப் பண்ணைச் சம்பளம். பண்ணை முதலாளி அண்ணனே “எப்பம்மா நிக்கப்போற?” என்று கேட்டார். ஆர்டர் கையில் வாங்கும் வரை நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டிய உருப்படியான காரியம் சான்றிதழ்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் ‘தமிழ்வழியில்தான் படித்தேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. குரூப் 4க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும், அவர்கள் கேட்கும் படிவத்தில் சான்று வாங்க வேண்டும். நான் பாம்பனில் கொஞ்சம், மண்டபத்தில் கொஞ்சம் படித்தவள். அப்பா எங்கே படகில் ஏறினாரோ அங்கே பள்ளிக்கூடம். மே மாதம் போனால் பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் சொந்த ஊரில் இருப்பார். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், பரீட்சை எழுதிய கையோடு வாங்கி வைத்துவிடுங்கள். நன்னடத்தைச் சான்று அப்படியில்லை. அதை ஏ அல்லது பி பிரிவு அதிகாரியிடம் வாங்க வேண்டும், தேதி தேர்வு அறிவிக்கைக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

அப்புறம் பெயர். எங்கள் ஊரில் அந்தோணிகள் அதிகம். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ஆங்கிலத்தில் ஒரு எச் இருக்கும், ஆதாரில் இருக்காது, சாதிச் சான்றில் அப்பா பெயரே வேறு மாதிரி இருக்கும். இதை முன்கூட்டியே சரிபண்ணிக்கொள்வது நல்லது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ‘ரெண்டும் நான்தான் சார்’ என்று விளக்கிக்கொண்டிருப்பது சங்கடம்.

கவுன்சிலிங் ஆடி மாதம் சென்னையில். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்தியிருந்தார்கள். ஆடிக் காற்றில் பஸ் ஏறிப் பாலம் தாண்டி, எதிர்க்கரைக்கு வந்துதான் ரயில் பிடித்தோம். (2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாச்சு, தம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.) எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன் போனால் தேர்வாணைய அலுவலகம் பக்கம்தான்.

உள்ளே போகும் முன் இரண்டு விஷயம். இருக்கிற இடங்களைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள். அழைப்பு வந்துவிட்டது என்பதால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. இன்னொன்று, அன்றன்று நிரம்பியது போக மீதி இடங்களை இணையதளத்தில் போடுவார்கள். உங்கள் முறை வருவதற்கு முன்பே அதைப் பார்த்துக் காகிதத்தில் விருப்ப வரிசை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரேங்க்கைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தபின் அம்மாவிடம் போனில் கேட்க நேரம் இருக்காது. என் பட்டியலில் முதலில் இருந்த இரண்டும் போய்விட்டன, மூன்றாவது கிடைத்தது, பள்ளிக்கல்வித் துறையில் இளநிலை உதவியாளர். பள்ளிக்கல்வி மாதிரி பெரிய துறைகளில் எந்த ஊர் என்பதற்குத் துறையே தனியாக இன்னொரு கலந்தாய்வு நடத்தும். ‘ராம்நாட்டிலேயே போஸ்டிங்’ என்று அதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் வருவார்கள். ‘மேலிடத்தில் ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தால் சொந்த ஊர்.’ எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் 1 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில் 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டார்கள். அதற்கப்புறம் ‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டு, ராமேஸ்வரம் பக்கம் என்று பதில் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். சென்னையில் வரிசையில் நிற்கும்போது எனக்கும் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்து காவல்துறை விசாரணை. கடற்கரையில் எல்லார் வீட்டிலும் இருக்கிற பயம் இது: ‘அப்பாவை இலங்கை நேவி பிடித்து வைத்திருந்ததே, அது வருமா?’ என் அப்பாவும் யாழ்ப்பாணம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்தான். படிவத்தில் இருந்த கேள்விகள் என்னைப் பற்றியவை, அப்பாவைப் பற்றியவை இல்லை. ஆனால் மறியல், உண்ணாவிரதம் என்று போய் உங்கள் பெயரில் ஒரு வழக்கு இருந்தால், அது முடிந்துபோயிருந்தாலும், கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால், வழக்கைவிட மறைத்ததுதான் வேலைக்கு உலை வைக்கும்.

ஆர்டர் வந்ததும் அரசு மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று. சேர வேண்டிய கெடு ஆணையிலேயே இருக்கும். சேரும் நாள் காலையிலேயே போய்விடுங்கள். முற்பகலில் சேர்ந்தால் அன்றைய சம்பளம் உண்டு, பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்துதான். நல்ல நேரம் பார்த்து மத்தியானம் வந்து கையெழுத்துப் போட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலை விவரமெல்லாம் ஏறும் பணிப்பதிவேடு தொடங்கும்போது முதல் பக்கத்தைப் பக்கத்தில் நின்று வாசியுங்கள். பிறந்த தேதி, அங்க அடையாளம், பெயர். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமென்றால் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் சம்பளம் முதல் மாதமே வராது என்று எண்ணிக்கொண்டு கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சம்பள மென்பொருளில் உங்கள் பெயர் ஏற வேண்டும், நான் சேர்ந்தபோது பங்களிப்பு ஓய்வூதிய எண்ணும் வர வேண்டியிருந்தது. அப்புறம் மொத்தமாக வரும். அடிப்படைச் சம்பளம் 19,500, அதன்மேல் அகவிலைப்படி. வெளியூரில் அறை எடுத்தால் முன்பணம் அதற்கு முன்பே கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பணம் எனக்கு நாற்றுப் பண்ணையிலிருந்துதான் வந்தது.

அரசு ஊழியர்களுக்குப் பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சி சேர்ந்த உடனே இல்லை, பேட்ச் பேட்சாகக் கூப்பிடுவார்கள். தகுதிகாண் பருவம் (வேலை உறுதியாகும் முன் இருக்கும் சோதனைக் காலம்) முடிய அது வேண்டும். அங்கே அணை மீன் நன்றாகப் பொரித்துக் கொடுப்பார்கள், ஆனால் எங்கள் கடற்கரை நாக்குக்கு அது ஒத்துவராது. தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லி.