நாற்பது மீட்டர் சங்கிலி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஜூன் மாதத்தில் பாய்மரப் படகில் செல்பவர்கள் மாலைதோறும் பேசுவது பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான்: இன்றிரவு எங்கே நங்கூரம் இறக்குவது? தென்மேற்குக் காற்று நள்ளிரவுக்குள் போஃபோர்ட் காற்று அளவுகோலில் 6ஆம் விசைக்கு வலுக்கும் என்று கரையோரக் கடல் அறிக்கை கூறியதாலும், மல் தீவின் டோபர்மோரித் துறைமுகம் படகுகளால் நிறைந்திருந்ததாலும், மல் நீரிணையைக் கடந்து, லோக் சூனர்ட் என்ற நீண்ட கடற்கழியின் வாயருகே இருக்கும் லோக் ந ட்ரோமா புயிக்குள் ஒதுங்கிவிடலாம் என்று நண்பரும் நானும் முடிவு செய்தோம். ஓரன்சே தீவுக்கும் மார்வன் நிலப்பகுதிக்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கும் இந்தச் சிறிய கடற்கழியைப் படகோட்டிகள் ட்ரம்பூயி என்று சுருக்கி அழைக்கிறார்கள்.

நுழைவாயில் மிகக் குறுகலானது. பாயைச் சுருட்டிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டி, ஒருவர் சுக்கானிலும் மற்றவர் கடல் வரைபடத்திலுமாகக் கண் வைத்து உள்ளே சென்றோம். வெளியே படகை உலுக்கிய அலை வாயிலைத் தாண்டியதும் அடங்கிப்போனது. ஆனால் காற்று அடங்கவில்லை. மலைச்சரிவில் இறங்கும் காற்று திடீர் வீச்சுகளாக வந்து நீரைக் கருக்கிச் சென்றது. பாதுகாப்பான இடம் என்று வழிகாட்டி நூல்கள் சொல்லும்போது அலையிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பையே பெரும்பாலும் சொல்கின்றன என்பது என் கருத்து.

நாங்கள் சென்றது பௌர்ணமியை ஒட்டிய நாள். இந்தக் கரையில் அப்போது ஓதம் ஏறக்குறைய 3.7 மீட்டர் ஏறி இறங்கும். மாலை ஏழு மணியளவில் நீர் உச்சத்தில் இருக்கும். ஆழமானி 9 மீட்டர் காட்டியது. நள்ளிரவு தாண்டி நீர் வற்றும்போது 5 மீட்டருக்குச் சற்று மேல் எஞ்சும். படகின் அடிப்பகுதி நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கியிருப்பதால் தரைதட்டும் அச்சமில்லை. நீர்மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் ஒரு மீட்டர். உச்ச நீரின் ஆழத்தோடு சேர்த்து மொத்தம் பத்து மீட்டர், அதன் நான்கு மடங்காக நாற்பது மீட்டர் சங்கிலி விட்டோம்.

பதினாறு கிலோ நங்கூரம் பல டன் எடையுள்ள படகைப் பிடித்து நிறுத்துவது தன் எடையால் அன்று. சங்கிலியின் பெரும்பகுதி தரையில் கிடந்து, இழுப்பு கிடைமட்டமாக வந்தால்தான் நங்கூரத்தின் முனை சேற்றுக்குள் ஆழமாகப் புதையும். சங்கிலி குறைவாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி அமைந்து அதைப் பெயர்த்துவிடும். நண்பரின் படகில் இருப்பது கலப்பைக் கொழுவைப் போன்ற சி.க்யூ.ஆர். நங்கூரம். கொந்தளிப்பு ஓட்டம் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் அதை வடிவமைத்தார். அவரும் பாய்மரப் படகு ஓட்டியவர் என்பதில் வியப்பில்லை. இன்றைய புதிய வடிவங்கள் விரைவாகப் புதைகின்றன என்று சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட; ஆனாலும் நல்ல சேற்றில் பழையது சோடை போவதில்லை.

எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினோம். சங்கிலி நிமிர்ந்து விறைத்தது. கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் தெரிந்த தனி மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தபோது அவை விலகவில்லை, நங்கூரம் பிடித்துக்கொண்டது. சங்கிலியின் அதிர்ச்சியைத் தாங்க ஒரு நைலான் கயிற்றைக் கொக்கியிட்டுக் கட்டி, நங்கூரமிட்டு நிற்கிறோம் என்பதற்கு அடையாளமாக முன்புறம் கறுப்புப் பந்தை ஏற்றினோம். இருட்டியதும் அதன் இடத்தில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஏறும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சோறும் பருப்பும்தான். காற்று ஓய்ந்த சில நிமிடங்களில் மிட்ஜ் எனும் பொடிக்கொசுக்கள் வந்து மொய்த்ததால், காற்று மீண்டும் வீசியதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

நள்ளிரவுக்குப் பின் படகு சங்கிலியின் முனையில் இடமும் வலமுமாக ஊசலாடியது. இடம் மாறினால் கைப்பேசிச் செயலி ஒலியெழுப்பும் என்றாலும், எழுந்து சென்று கண்ணால் பார்ப்பதையே நான் நம்புகிறேன். ஜூனில் அங்கே வடவானம் முழுதாக இருள்வதில்லை என்பதால் பாறையும் மரமும் மங்கலாகத் தெரிந்தன. படகு ஊசலாடும்போது விலகி, நடுவுக்கு வரும்போதெல்லாம் கோட்டில் சேர்ந்தன. அருகில் நின்ற படகு சங்கிலிக்குப் பதில் நீண்ட கயிற்றில் நின்றதால் எங்களைவிட அகலமாகச் சுழன்றது. மாலையிலேயே அதற்கு இடம் விட்டு நின்றிருந்ததால் மோதும் நிலை வரவில்லை. ஆழமானி 5.4 காட்டியது, திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் சங்கிலி சாம்பல் நிறச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலேறியது. அந்த நாற்றம் மேல்தளத்தில் தங்காதிருக்க வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றிக் கழுவினோம். காற்று மேற்கே திரும்பித் தணிந்திருந்ததால் ஆர்ட்னமர்கன் முனையைச் சுற்றி வடக்கே செல்வதென்று தீர்மானித்து, நீர் உயர்ந்திருக்கும்போதே வாயிலைக் கடந்தோம்.