ஓலையும் பதிவேடும்

ஒரு கிறிஸ்தவ சபையின் வரலாற்றைக் கேட்டால் வெள்ளிவிழா மலரை எடுத்து நீட்டுவார்கள். அதில் சபையை நடத்திய ஆயர்களின் படமும் கட்டட நிதிக் கணக்கும்தான் இருக்கும். சென்னைப் புறநகரில் பல்லாவரம் தொடங்கி தாம்பரம் தாண்டி இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் உண்மையான வரலாறு, சேகரம் எனப்படும் ஆயரின் பொறுப்புப் பகுதிக்கான அலுவலக பீரோவில், கெட்டி அட்டை போட்ட பதிவேடுகளில் கிடக்கிறது. சபை எதை மதிக்கிறது என்பதும், அவற்றை எழுதும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆயின. ஊர்ப்பக்கம் அவரவர் பழைய மிஷன் வழக்கப்படியே ஆராதித்தார்கள். ஒரே பெஞ்சில் எல்லோரும் உட்கார வேண்டி வந்தது புறநகரில்தான். ஆங்கிலிக்கன் வழிவந்த பாளையங்கோட்டைக்காரருக்குப் பீடத்தண்டை முழங்காற்படியிட்டால்தான் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. இலண்டன் மிஷன் வழிவந்த நாகர்கோவில்காரருக்கு உட்கார்ந்த இடத்தில் வாங்கிப் பழக்கம். இந்தச் சச்சரவுகள் கமிட்டி மினிட்ஸில் ஒரு வரியோடு முடிந்திருக்கும்: “பழைய முறையே தொடரும்.” யாருடைய பழைய முறை என்று எழுதியிருக்காது.

வேலைக்காக வந்து குடியேறியவர்களின் சபை என்பதால் முதல் காகிதம் ஊர்ச் சேகரத்துக் கடிதம். ஞானஸ்நானம் பெற்ற தேதி, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தி முழு உறுப்பினராகும் சடங்கு) எடுத்த தேதி, சபைச் சந்தா பாக்கி உண்டா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பலர் கடிதம் வாங்காமலே வந்து, ஆண்டுக்கணக்கில் காணிக்கை போட்டு, மகள் கல்யாணத்தின்போதுதான் அலுவலகப் படியேறுவார்கள். அப்போது அலைய விடாமல், ஊர் ஆயருக்கு அலுவலகமே நேரடியாக எழுதிக் கேட்பது நல்ல வழக்கம்.

அதிகம் சிக்கல் வருவது திருமண ஓலையில், அதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ஆராதனையில் வாசிக்கும் அறிவிப்பில். மணமகன் சபை, மணமகள் சபை இரண்டிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த சான்று மற்றச் சபையிலிருந்து கையில் வராமல் திருமணம் நடத்தக் கூடாது. மூன்று ஞாயிறுதானே என்று நான்கு வாரத்துக்கு முன் வருகிறவர்கள் கடைசி வாரம் அல்லாடுவார்கள். சான்று தபாலில் நிற்கும், அல்லது அந்த ஆயர் ஆயர்கள் கூட்டத்துக்குப் போயிருப்பார். ஆறு வாரம் முன்பே ஓலை எழுதினால் நிம்மதி. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து நாட்களில் திருமணம் வைப்பதில்லை. ஆகவே லெந்து தொடங்கும் சாம்பற்புதனுக்கு முந்திய வாரங்களில் கூட்டம் அலைமோதும். பத்திரிகை அடித்துவிட்டு ஓலை எழுத வருகிறவர்களை என்ன செய்வது என்பதற்கு இன்னும் எந்தச் சேகரத்திலும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஓலை எழுதும்போதே பெயரைச் சரிபார்த்துவிட வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் ‘ஜெபராஜ் சாமுவேல்’, ஆதாரில் ‘எஸ். ஜெபராஜ்’, பாஸ்போர்ட்டில் ‘ஜெபராஜ்’ மட்டும். மூன்றையும் மேசையில் விரித்து, பதிவேட்டில் எது போக வேண்டும் என்று குடும்பத்தையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். விசா ஆபீஸ் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த இனிஷியலால்தான்.

1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, திருமணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். ஆயரைத் தவிர இரண்டு சாட்சிகள் வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசுவதோ, எழுத்தின் மேல் எழுத்து எழுதுவதோ கூடவே கூடாது. மூல வரி அப்படியே நிற்க, ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தவறு தெரிந்த ஒரு மாதத்துக்குள், தம்பதியர் முன்னிலையில் செய்ய வேண்டும். அவர்கள் இல்லையென்றால் நம்பகமான இருவர் முன்னிலையில். கோயில் சான்று இருந்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு.

பதிவேட்டை பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நனைந்த ஏட்டை வெயிலில் போட்டால் தாள் வளைந்து அட்டை பிய்ந்துவிடும். பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் வைத்து, ஈரமானதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள் செருகினால் மை ஒட்டும். ஜெல் பேனா எழுத்து பல நேரம் கரையும். பதிவேட்டுக்கு நிரந்தர மைதான் வேண்டும்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும் கணக்கு தனி உலகம். ஒரு தேங்காய் ஆயிரத்துக்குப் போகும், எடுத்தவரே திரும்பக் கொடுக்க, மறுபடி ஏலம் விடுவார்கள். சத்தம் போட்டுக் கேட்ட தொகைக்கும் பெட்டிக்கு வந்த தொகைக்கும் டிசம்பர் வரை இடைவெளி இருக்கும். கேட்ட நிமிடமே பெயரும் தொகையும் எழுதி, ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் பின்னாலேயே போக வேண்டும்.

கமிட்டித் தேர்தல் வாக்காளர் பட்டியலில் ஒரு அநியாயம் ஓசையில்லாமல் நடக்கும். சந்தா ரசீது குடும்பத் தலைவர் பெயரில் போகிறது. பட்டியலை ரசீதைப் பார்த்தே தயாரிக்கிறார்கள். மனைவியும் வேலைக்குப் போகும் மகளும் திருவிருந்து எடுப்பவர்கள்தான், சந்தாவில் அவர்கள் சம்பளமும் இருக்கிறது, ஆனாலும் பெயர் விடுபட்டுப்போகிறது. ஆட்சேபணைக்குக் கொடுக்கும் சில நாட்களில் யாரும் வந்து பார்ப்பதில்லை. சந்தா அட்டையில் ஆளுக்கொரு வரி போட்டு, ரசீதையும் ஆளுக்கொன்றாகக் கிழித்தால் பட்டியல் தானாகச் சரியாகும். ஒரு குடும்பத்துக்கு மூன்று ரசீதா, புத்தகம் வீணாகிறதே என்று பொருளாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.