பிரைவேட் பைலட் உரிமம்: நான் மாட்டிக்கொண்ட இடங்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹொசே ரீட்-ஹில்வியூ விமானத் தளத்தில், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பழகி, ஒருவழியாக உரிமம் கைக்கு வந்துவிட்டது. டேக்-ஆஃப், லேண்டிங், ஸ்டால் பயிற்சி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. பொறுமையான இன்ஸ்ட்ரக்டர் கிடைத்தால் அது தானாக வரும். என்னைத் தரையில் நிறுத்தி வைத்தவை எல்லாம் காகிதங்கள்தான்.

முதல் வில்லன், என் பெயர். நம்மில் பலருடைய இந்தியப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது) என்று விழும். டிரைவிங் லைசென்ஸில் அது வேறொரு வடிவம் எடுக்கும். டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) பாதுகாப்புச் சோதனை, மெட்எக்ஸ்பிரஸ் மருத்துவப் படிவம், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் ஐஆக்ரா இணையதளக் கணக்கு மூன்றையும் மூன்று வெவ்வேறு நாளில், கையில் கிடைத்த அட்டையைப் பார்த்து நிரப்பினேன். எழுத்துத் தேர்வு மையத்தின் வரவேற்பறைப் பெண் என் லைசென்ஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணா இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அரை நாள் லீவு வீண். அவர் மேல் தப்பில்லை.

எந்த அடையாள அட்டையைத் தேர்வுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை முன்னால் வைத்துக்கொண்டு, முதல் நாளே மூன்று இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி நிரப்புங்கள். அப்பா பெயரை ஓரிடத்தில் இனிஷியலாகவும் இன்னோரிடத்தில் முழுசாகவும் போடாதீர்கள். உரிமம் அச்சாகி வந்த பிறகு பெயரைத் திருத்துவது தனி அலைச்சல்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு, கிரீன் கார்டு இருந்தாலும், டி.எஸ்.ஏ. ஒப்புதல் வராமல் பயிற்சிப் பறத்தல் தொடங்காது. கட்டணம் 140 டாலர், கைரேகை வேறு. மாணவர் உரிமத்தை அதற்கெல்லாம் இணையாகவே ஐஆக்ராவில் போட்டுவிடுங்கள். தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும், அது கையில் இல்லாமல் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது) கிடையாது.

மருத்துவச் சோதனைதான் பணம் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டியது. மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் போதும். 40 வயதுக்குக் கீழே என்றால் 60 மாதம் செல்லும், அதற்கு மேல் 24 மாதம். படிவத்தின் 18-ஆம் கேள்வி 'வாழ்நாளில் எப்போதாவது' என்று கேட்கிறது. சின்ன வயதில் வீசிங், இன்ஹேலர் என்று இருந்தவர்கள் 'ஆம்' போட்டேயாக வேண்டும். லேசான ஆஸ்துமாவுக்கு, உங்கள் டாக்டரிடம் அண்மையில் வாங்கிய குறிப்பு விவரமாக இருந்தால், பரிசோதிக்கும் மருத்துவரே அன்றைக்கே சான்றிதழ் கொடுக்கலாம். நான் வெறுங்கையோடு போனேன். கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள விமானத் துறையின் மருத்துவப் பிரிவுக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. சோதனையைத் தொடங்கிவிட்டால் மருத்துவர் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது மேலே அனுப்ப வேண்டும். 'அப்புறம் வர்றேன்' என்று எழுந்து வர முடியாது. அதனால் முன்கூட்டியே போன் செய்து, பெயர் பதியாமல், என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு 60 கேள்வி, 70 சதவீதம் தேவை. ஒழுங்காகப் படித்தால் பிரச்சினை இல்லை.

அடுத்து லாக்புக், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம். மொத்தம் 40 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். அந்தக் கணக்கில் யாரும் முடிப்பதாகத் தெரியவில்லை. மொத்தத்தில் யாரும் மாட்டுவதில்லை, உட்பிரிவில்தான் மாட்டுவார்கள். இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது) 3.0 மணி வேண்டும், எனக்கு 2.9 இருந்தது. இரவு கிராஸ்-கன்ட்ரி (வேறொரு தளத்துக்குப் பறந்து போவது) மொத்த தூரம் 100 நாட்டிக்கல் மைலைத் தாண்ட வேண்டும். ரீட்-ஹில்வியூவிலிருந்து சாலினஸ் போய்த் திரும்பினால் 83 சொச்சம்தான். ஸ்டாக்டன் போனாலும் 90-ஐத் தொடாது. மெர்சட் போய் வாருங்கள், 120-க்கு மேல் வரும். தூரம் நேர்கோட்டில்தான் அளக்கப்படும். சுற்றி வளைத்துப் பறந்தது கணக்கில் வராது.

எல்லாரையும் கவிழ்க்கும் இன்னொரு விதி: கடைசியில் வரும் வாய்மொழி, பறத்தல் தேர்வின் தயாரிப்புக்காக இன்ஸ்ட்ரக்டருடன் 3 மணி நேரம், அதுவும் தேர்வு மாதத்துக்கு முந்தைய 2 காலண்டர் மாதங்களுக்குள். டிசம்பர் தேர்வுக்கு அக்டோபரில் பறந்தது செல்லும். பனிமூட்டத்தால் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனால் அக்டோபர் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது. மறுபடி 1.4 மணி, வாடகையோடு.

அந்தத் தேர்வை நடத்தும் எக்ஸாமினரிடம் தேதி கிடைப்பதே குதிரைக்கொம்பு. அப்படிக் கிடைத்த நாளில், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகள் மெக்கானிக்கின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அவருக்கு அன்று விடுமுறை. பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் கையை விரித்தார்கள். பதிவேடு இல்லாமல் வாய்மொழித் தேர்வே தொடங்காது. ஆகவே இரண்டு நாள் முன்பே அவற்றைக் கையில் வாங்கி, வருடாந்திரச் சோதனை, 100 மணி நேரச் சோதனை, ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் (24 மாதம்), விபத்தில் சிக்னல் அனுப்பும் இ.எல்.டி. (12 மாதம்), கட்டாயப் பழுது திருத்த உத்தரவுகளான ஏ.டி. பட்டியல் ஆகிய பக்கங்களில் ஒட்டுச்சீட்டு வைத்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் தவறிய பகுதிகளுக்கு இன்ஸ்ட்ரக்டர் எழுதிய குறிப்பு லாக்புக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத்தான் மறப்பார்கள்.

வாய்மொழி முடிந்து காற்று மோசமாக இருந்தால் தயங்காமல் 'இன்றைக்குப் பறக்கவில்லை' என்று சொல்லலாம். அது தோல்வி ஆகாது. இடைநிறுத்தக் கடிதம் கிடைக்கும். 60 நாளுக்குள் மிச்சத்தை மட்டும் முடித்தால் போதும். இரண்டாவது முறை அப்படித்தான் முடித்தேன்.

உரிமம் வந்ததும் நண்பர்கள் 'ஹாஃப் மூன் பே (கடலோர ஊர்) போகலாமா' என்பார்கள். நாலு பேர் உட்காரும் விமானம் என்றால் நாலு பேரைத் தூக்கும் என்று அர்த்தமில்லை. செஸ்னா 172-இன் ஒரு வகையான 172எஸ்-இன் உச்ச எடை 2,550 பவுண்டு. நான் எடுக்கும் விமானத்தின் வெற்று எடை 1,690. மிச்சம் 860. டாங்க் நிறைந்திருந்தால் 53 காலன், காலனுக்கு 6 பவுண்டாக 318 போய்விடும். ஆளுக்கு 75 கிலோ என்று நாலு பேர் 661 பவுண்டு. இறக்கையில் எரிபொருள் ஊற்றும் துளைக்குள் தெரியும் அடையாளம் வரை மட்டும் நிரப்பினால் 35 காலன். அதுகூட 11 பவுண்டு அதிகம். 30 காலன்தான் சரி, அதுவும் பை எதுவும் இல்லாமல் 19 பவுண்டு மிச்சத்தில். முந்தைய ஆள் அன்போடு முழு டாங்க் நிரப்பி வைத்திருந்ததால் முதல் பயணத்தில் ஒருவரை தளத்திலேயே விட்டுவிட்டுப் போனோம். முந்தின நாள் மாலையே போன் செய்து 'பெட்ரோல் போடாதீர்கள்' என்று சொல்லிவையுங்கள். நண்பர்கள் சொல்லும் எடையை நம்பாதீர்கள், குளியலறைத் தராசு கொண்டுபோங்கள்.

வாடகையையும் எரிபொருளையும் பங்கிடலாம், ஆனால் பைலட் தன் பங்கைக் கட்டியே ஆகவேண்டும்: நாலு பேர் என்றால் குறைந்தது கால்வாசி. 'நீ ஓட்டு, செலவு எங்களோடது' என்பது விதிமீறல். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் 'ஞாயிறு பறக்கிறேன், இரண்டு சீட் காலி' என்று போடுவதும் வேண்டாம்; ஊருக்கே சவாரி விற்பதாகத்தான் பார்க்கப்படும். கடைசி 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் இல்லையென்றால் யாரையும் ஏற்றக் கூடாது. இரவுக்குத் தனிக் கணக்கு, அதுவும் முழுசாக நின்று புறப்பட்டவை மட்டும்.

ஹாஃப் மூன் பேக்குக் கோடையில் காலை ஒன்பதுக்கே கிளம்பாதீர்கள். கடல் மேகம் விலகப் பெரும்பாலும் பதினொன்று ஆகிவிடும்.