பெஞ்சிலிருந்து வந்தவர்கள்

கூடைப்பந்து ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டையும், ரீபவுண்டையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), டர்ன்ஓவரையும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஆடியவரின் பெயரோடு பதிவு செய்வது என் வேலை. பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள். இரண்டு மணி நேர ஆட்டத்தைப் பதிந்து முடிக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். கூட்டமாக எகிறிப் பிடிக்கும்போது பந்து கடைசியில் யார் கைக்குப் போனது என்பது முதல் தடவையில் பிடிபடாது. திரும்பத் திரும்ப ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

புள்ளி வித்தியாசம் முப்பதைத் தாண்டிவிட்டால் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் இறங்குவார்கள், ஆட்டம் தளர்ந்துவிடும். 2023-24 சீசனில் சவுத் கரோலினா பெண்கள் அணி அந்த வசதியைத் தரவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் வந்த பிறகும் அதே வேகம், அதே நெருக்கடி.

அதற்கு முந்தைய ஆண்டில் அவர்கள் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றார்கள்: தேசிய அரையிறுதியில் அயோவாவிடம், 77-73. அதோடு தொடக்க ஐவரும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். அலியா பாஸ்டன் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறை லீக்கின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். மிச்சமிருந்த அணியை வைத்து பயிற்சியாளர் டான் ஸ்டேலி பாரீஸில் நாட்டர் டேம் அணியுடன் சீசனைத் தொடங்கினார். 100-71. மிலேசியா ஃபுல்வைலி முதுகுக்குப் பின்னால் பந்தைச் சுழற்றி, கூடைக்குப் பக்கத்திலிருந்து போட்ட லே-அப் அந்த ஆட்டத்தில்தான். முதலாண்டு மாணவி, அதுவும் பெஞ்சிலிருந்து வந்தவர்.

அந்த அணியில் ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளி எடுத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அதிகம் எடுத்த கமிலா கார்டோசோவுக்கே 14-க்குச் சற்று மேல்தான். அடுத்த இடம் ஃபுல்வைலிக்கு. அதே சீசனில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 31-க்கு மேல் வைத்திருந்தார். யாரை அடக்கினால் இந்த அணி அடங்கும் என்று எதிரணிப் பயிற்சியாளர்களால் சொல்ல முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு தடவை தோல்வியின் விளிம்புக்கே போனார்கள். தாங்கள் ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டி அரையிறுதியில் டென்னஸியை 23 புள்ளி முந்தியிருந்தவர்கள், கடைசி நொடியில் இரண்டு புள்ளி பின்தங்கி நின்றார்கள். ஆறடி ஏழு அங்குல உயரமுள்ள கார்டோசோ மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. கல்லூரி வாழ்க்கையில் அவர் போட்ட முதல் மூன்று புள்ளி ஷாட் அது. 74-73.

தேசிய அரையிறுதியில் என்.சி. ஸ்டேட்டை மூன்றாவது குவார்ட்டரில் 29-6 என்று நசுக்கினார்கள். பிறகு 2024 ஏப்ரல் 7, கிளீவ்லாண்டில் இறுதி ஆட்டம், மறுபடி அயோவா. எடுத்த எடுப்பில் அயோவா 10-0. முதல் குவார்ட்டரில் கிளார்க் மட்டும் 18 புள்ளி. இடைவேளைக்குச் சற்று முன் சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் கிளார்க் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்து ஓடிப்போய்க் கூடையில் போட்டார். முந்தைய ஆண்டு அரையிறுதியில், தூரத்திலிருந்து ஷாட் போட மாட்டார் என்று கிளார்க் காவலுக்கே வராமல் கையசைத்து விட்டுவிட்டது இந்த ரேவனைத்தான். முடிவில் 87-75. சீசன் 38-0; கல்லூரிகளின் உச்சத் தளமான முதல் பிரிவுப் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றில் தோல்வியே இல்லாத பத்தாவது சீசன்.

எல்லாரும் 38-0 பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த இறுதி ஆட்டத்தின் இன்னொரு கணக்குதான் பெரிது. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிகள்: சவுத் கரோலினா 37, அயோவா 0. அணியிலேயே அதிகமாக 19 புள்ளி எடுத்தவர் டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாண்டு மாணவி. அன்று அமெரிக்காவில் ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். பெரும்பாலோர் கிளார்க்குக்காக வந்தவர்கள், அதற்கு அவர் முழுக்கத் தகுதியானவர். அவர்களில் பலருக்கு டெஸ்ஸா என்ற பெயர் அன்றைக்குத்தான் அறிமுகமாகியிருக்கும். நான் அந்தப் பெயரை நவம்பரிலிருந்தே தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.