மேயர் பக்கத்து நாற்காலி

டெல்லி கரோல்பாகிலோ ஆர்.கே.புரத்திலோ நம்மவர்கள் மாநகராட்சியைப் பற்றிப் பேசினால், குப்பை வண்டி, சொத்து வரி, கவுன்சிலர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாநகராட்சிச் செயலர் யார் நினைவுக்கும் வருவதில்லை. டெல்லியில் நிர்வாகம் கமிஷனர் கையில், மன்றம் நடக்கும் முறை செயலர் கையில். கூட்ட அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், தீர்மானப் பதிவு எல்லாம் அவர் மேசையிலிருந்துதான் கிளம்பும்.

யாருக்கு எதில் ஓட்டு என்பதில்தான் அனுபவமுள்ள செயலரின் அருமை தெரியும். மேயர் தேர்தலில் 250 கவுன்சிலர்கள், 7 மக்களவை எம்.பி., 3 மாநிலங்களவை எம்.பி., நியமன எம்.எல்.ஏ. 14 என மொத்தம் 274 ஓட்டு. பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் நிலைக்குழுவின் 18 இடங்களில் ஆறுக்குக் கவுன்சிலர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். மீதி 12 இடங்களுக்கு, மண்டலத்துக்கு ஒருவராக அந்தந்த மண்டலக் குழு தேர்ந்தெடுக்கும். துணைநிலை ஆளுநர் நியமிக்கும் 10 பேருக்கு மன்றத்தில் ஓட்டில்லை, மண்டலக் குழுவில் உண்டு. வருடக்கணக்கில் கோப்பு புரட்டாதவருக்கு இது தலை சுற்றும்.

2023 ஜனவரி 6 அன்று, அந்தப் பத்துப் பேருக்கு முதலில் பதவிப் பிரமாணம் என்றதுமே சபை கலைந்தது. பதவிப் பிரமாண வரிசைதானே என்று தோன்றும். அதற்குப் பின்னால் இருந்தது, மேயர் தேர்தலில் அவர்களையும் ஓட்டுப் போட விடுவார்களோ என்ற சந்தேகம். மூன்று கூட்டம் வீணாகி, அவர்களுக்கு ஓட்டில்லை என்று பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே, 22ஆம் தேதி மேயர் தேர்வானார்.

நிலைக்குழுவின் அந்த ஆறு இடங்களின் கணக்கு இன்னும் நுணுக்கம். முன்னுரிமை ஓட்டு முறை: செல்லுபடியான ஓட்டை 7ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் வெற்றிக்கான அளவு. 250 ஓட்டும் செல்லுமானால் 36. ஆகவே செல்லாத சீட்டைப் பிரித்தெடுக்கும் வேலை இந்த அளவைக் குறிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 24 அன்று ஒரே ஒரு சீட்டு செல்லாது என்று பின்னால் மேயர் அறிவிக்க, அடிதடி, மறுதேர்தல் அறிவிப்பு, வழக்கு என்று போய், மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த மறுதேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது.

இதற்குள் அந்தப் பத்துப் பேரின் நியமனம் பற்றிய வழக்கு தனியாக ஓடி 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. மண்டலத் தேர்தல்கள் அதுவரை காத்திருந்தன. அப்போது 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் நிலைக்குழுவைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்தக் குழுவோ 2025 ஜூன் வரை அமையவில்லை. பெரிய குப்பை ஒப்பந்தக் கோப்புகள் தேங்கியது இப்படித்தான்.