0.986

19 ஜனவரி 2026, திங்கள்
பொங்கல் விடுமுறை முடிந்து லேபைத் திறந்தால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புராசசர் ஓரமாக நான்கு கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன, ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிவு. ஹார்டு டிஸ்கை மட்டும் வேறொரு மெஷினில் மாட்டி, 2004 முதல் உள்ள கொப்பரை உலர்த்தியின் வெப்ப அளவுகளை எல்லாம் காப்பி எடுத்தேன். முடியும்வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

20 ஜனவரி
புது மெஷின் விண்டோஸ் 11. எனக்குக் கற்றுத்தந்த சார் அந்தக் காலத்தில் விபி6இல் (விஷுவல் பேசிக்) எழுதிய அளவு புரோகிராம் அதில் திறந்துகொண்டது! பழைய சாம்பல் நிறப் பொத்தான்கள், ஆறு சேனல்கள், எல்லாம் அப்படியே. ஆனால் எல்லாச் சேனலிலும் பூஜ்யம். 32 பிட் புரோகிராமை 64 பிட் விண்டோஸ் ஓட்டிவிடும், 32 பிட் டிரைவரைக் கர்னல் என்ற தன் உள்மையத்துக்குள் விடவே விடாது. உலர்த்தியின் சென்சார்களைக் கம்ப்யூட்டருக்குள் படிக்கும் எங்கள் பிசிஐ கார்டுக்கு 64 பிட் டிரைவர் வரவே இல்லை. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பும் கிடையாது. போதாததற்கு, புது மதர்போர்டில் அதைச் செருகப் பிசிஐ ஸ்லாட்டே இல்லை.

துறைத் தலைவர் புதிதாக யூஎஸ்பி மாட்யூல் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். கார்டு பழுதாகவில்லையே! 12 பிட், பதினாறு சேனல், வினாடிக்கு 2 லட்சம் சாம்பிள். அறுபது டிகிரியில் கொப்பரை காயவைப்பதை அளக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? இருபது வருட அளவுகளும் இந்த ஒரு கார்டு வழியாக வந்தவை. அதை நடுவில் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

22 ஜனவரி
சாரைப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். அவர் புரோகிராமில் உள்ள 0.986 என்ற பெருக்கல் எண் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

24 ஜனவரி, சனி
பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐக்கு மாற்றும் பிரிட்ஜ் அட்டை கூரியரில் வந்தது. மாட்டினேன். கேபினெட் மூடவில்லை, போகட்டும். டெபியன் 13 லினக்ஸ் போட்டு, மாட்டிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் கார்டின் பெயர் முழுதாக வந்து நிற்கிறது. இந்த மாதிரி அளவுக் கார்டுகளுக்கான கோமெடி டிரைவர் தானாகவே ஏறியிருந்தது, நான் ஒரு வரி எழுதவில்லை. இந்தக் கோமெடி 2009இல் லினக்ஸ் கர்னலின் ஸ்டேஜிங் என்ற காத்திருப்புப் பகுதிக்குள் வந்தது, 2021இல்தான் அங்கிருந்து முறையான இடத்துக்குப் போனது. இத்தனை வருடம் முகம் தெரியாத யார் யாரோ எங்கள் பழைய கார்டுக்காக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இரவு சாரின் புரோகிராம் வரிகளை எடுத்துப் படித்தேன். பூஜ்யம் கழித்து, சரிவால் பெருக்கி, கடைசியில் மறுபடி 0.986ஆல் பெருக்கல். பக்கத்தில் ஒரு கமெண்ட் கூட இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கமெண்ட் எழுதச் சொல்லி என்னைத் திட்டியவர் அவர். அறுபது டிகிரியில் இது முக்கால் டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும். என் புது புரோகிராமில் இதைத் தூக்கவும் பயம், வைக்கவும் பயம்.

25 ஜனவரி
4095. எல்லாச் சேனலிலும் 4095, 12 பிட்டின் உச்ச எண்.

26 ஜனவரி
கொடியேற்றம் முடிந்து நேராக லேபுக்கு. கேபிளை மாற்றினேன், ரேஞ்சை மாற்றினேன், டிஃபரென்ஷியல் (இரு முனைகளின் வித்தியாசத்தை அளப்பது) என்று கொடுத்திருக்கிறேனா என்று பத்து முறை பார்த்தேன். கொஞ்ச நேரம் சரியாகக் காட்டும், பிறகு மெல்ல ஏறிப்போய் 4095இல் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடவில்லை.

27 ஜனவரி
சென்சார் கம்பிகளைத் திருகி மாட்டும் டெர்மினல் போர்டு! திருகுகள் துருப்பிடித்ததால் போன வாரம் நானேதான் புதிது போட்டேன். குப்பைப் பெட்டியிலிருந்து பழையதை எடுத்துத் திருப்பினால், அடியில் ஆறு சின்ன ரெசிஸ்டர்கள். பழுப்பு, கருப்பு, மஞ்சள். 100 கிலோ ஓம். ஒவ்வொரு சேனலின் மைனஸ் முனையிலிருந்தும் அனலாக் கிரவுண்டுக்கு ஒன்று. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி எங்கும் கிரவுண்ட் ஆகாமல் மிதக்கும். சேரும் மின்னூட்டம் இறங்க வழி வைக்காவிட்டால் இன்புட் போய் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கால் மீதும் மெல்லிய மஞ்சள் ஸ்லீவ் போட்டு, ஒரே உயரத்தில் வளைத்து, ஈயம் பொட்டு மாதிரி உருண்டையாக. சாரின் கை வேலை. அந்த வலது கை.

ஆறையும் பிரித்து எடுத்துப் புதிய போர்டில் வைத்தேன். புதிது வாங்கலாம், பத்து ரூபாய் ஆகாது. இவையே இருக்கட்டும்.

28 ஜனவரி
ஓடுகிறது.

30 ஜனவரி, வெள்ளி
"அண்ணா, மாசி வெயிலுக்குள்ள ஆரம்பிச்சிரலாமா?" என்று மாணவி கேட்டது. ஐஸ் தண்ணீரும் கொதிநீரும் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது.

இந்த ரேஞ்சில் கார்டின் ஒரு படி 24 மைக்ரோவோல்ட், எங்கள் கே டைப் தெர்மோகப்பிளில் அது 0.6 டிகிரி. எண் குதித்துக்கொண்டே இருக்கும். ஆயிரம் சாம்பிள் எடுத்துச் சராசரி போட்டால் நிற்கிறது.

1 பிப்ரவரி, தைப்பூசம்
ஊரே மருதமலைக்குப் போயிருக்கிறது. நான் லேபில் எலக்ட்ரிக் கெட்டிலோடு.

ஐஸ்: 0.1. நல்லது.
கொதிநீர்: 97.2.

0.986ஐ எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 98.6. மூன்று தடவை பார்த்தேன், 98.6தான். நோட்டில் இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் கண்ணில் பட்டது.

கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் சொச்சம். இங்கே தண்ணீர் 100இல் கொதிக்காது, கிட்டத்தட்ட 98.6இல் கொதிக்கும். சார் முதலில் கொதிநீரை 100 என்று வைத்துச் சரிவு கண்டுபிடித்திருக்கிறார். பிறகு ஊரின் உயரம் நினைவு வந்து, சரிவை மாற்றாமல் கடைசியில் 0.986ஆல் பெருக்கிவிட்டார். அப்படியென்றால் பழைய அளவுகள் அத்தனையும் சரி. என் புரோகிராம் மில்லிவோல்ட்டை நேராக கே டைப் அட்டவணையில் பார்க்கிறது, அதற்கு இந்த எண் தேவையில்லை. இருபது வருடமும் ஒரே கோட்டில் சேர்கிறது.

அழுகை வந்தது. கெட்டிலை அணைக்க மறந்து தண்ணீர் பாதியாகிவிட்டது.

2 பிப்ரவரி
சாரிடம் நோட்டைக் காட்டினேன். 98.6, பக்கத்தில் 0.986. வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. அவர் வீட்டம்மா குனிந்து கேட்டுவிட்டு, "தண்ணி கேக்கறாருங்க தம்பி" என்றார். ஸ்பூனில் கொடுத்தோம். அதன் பிறகும் கண் நோட்டிலேயே இருந்தது.

3 பிப்ரவரி
பொள்ளாச்சியிலிருந்து நூறு தேங்காய் வந்திறங்கியது. காலை ஒன்பது மணிக்கு உடைத்து அடுக்கினோம். மதியம் தட்டு 58.4. ஐந்தாம் சேனல் மட்டும் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. நாளை மாடிக்குப் போய் அந்தத் தெர்மோகப்பிள் ஜங்ஷனைப் பார்க்கணும்.