லொகாட் ஒட்டு: பதினொண்ணுல ரெண்டு பொழைச்சிருக்கு

ரெண்டு வருஷமா லொகாட்டுங்கிற பழ மரத்துல ஒட்டு கட்டி கட்டி நொந்து போயிருந்தேன், இந்த ஆடியில கட்டுன பதினொண்ணுல ரெண்டு துளிர் விட்டிருச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, எனக்கு இதுதான் தீபாவளி.

ஒட்டுக்கு அடியில நிக்கிற வேர்ச்செடி எல்லாம் நானே விதை போட்டது. ஏற்காடு மலையில நாகலூர்ல மாமா காபித் தோட்டத்துல சில்வர் ஓக்குக்கு நடுவுல ஒரு பழைய மரம் நிக்குது, மார்ச் ஏப்ரல்ல பழம் வரும், பாதி குரங்குக்கு, மீதி நமக்கு, அதுலயும் பாதி கொட்டை. அந்தக் கொட்டைய தின்ன கையோட மண்ணுல போட்டுடணும், மொத வருஷம் மாங்கொட்டை கணக்கா காய வெச்சு டப்பால போட்டு வெச்சேன், ஒண்ணு கூட மொளைக்கல. "மொளைச்சத அப்படியே விட்டா காய்க்காதாடா"ன்னு அத்தை கேட்டாங்க. காய்க்கும் அத்த, ஆறேழு வருஷம் ஆகும், இதே இனிப்பு வரும்னும் சொல்ல முடியாதுன்னேன்.

போன வருஷம் சேலத்துல மொட்டை மாடியில வெச்சு சித்திரை வெயில்ல கட்டுனேன். நாலே நாள்ல வேர்ச்செடி மேல ஒட்டுன குச்சி எல்லாம் காஞ்சு ஊதுபத்தி. அதான் இந்த தடவ செடிய எல்லாம் மாமா கார் டிக்கில ஏத்தி இருபது கொண்டை ஊசி வளைவும் மண்ணு கொட்டாம பிடிச்சுக்கிட்டே மேல கொண்டு போனேன். மேல வெயில் பிரச்சனை இல்ல, பூசணம் பிரச்சனை!

காரணம் அந்த ரோமம்தான். லொகாட் இளங்குச்சி பூரா துருக் கலர்ல கம்பளி போத்துன மாதிரி இருக்கும்ல, அதுக்கு மேலயே டேப் சுத்தி பாலிதீன் கவர் மாட்டுனா உள்ள வேர்க்குற தண்ணிய அது பஞ்சு மாதிரி குடிச்சு வெச்சுக்குது, ஒரே வாரத்துல வெள்ளையா பூத்துடுது. கடைசி நாலுக்கு மட்டும் ஈரத்துணி வெச்சு, அழுத்தாம, பட்டை உரியாம, மேலேர்ந்து கீழ மெதுவா ரோமத்த தொடைச்சுட்டு கட்டுனேன், ஒரு குச்சிக்கு பத்து நிமிஷம் ஆச்சு. பொழைச்ச ரெண்டும் அந்த நாலுல உள்ளதுதான். இன்னொண்ணு, அந்த நாலுலயும் வேர்ச்செடில ஒட்டுக்கு கீழ ரெண்டு மூணு இலைய விட்டு வெச்சிருந்தேன். மத்ததெல்லாம் மொட்டை அடிச்சது, அதுல பாதி வேர்ச்செடியே பட்டுப் போச்சு. அதனால ரோமமா இலையான்னு கேட்டா அடிச்சு சொல்ல மாட்டேன், என் சந்தேகம் ரோமத்து மேலதான்.

கட்டர் பிளேடு வேண்டாம், கட்டை கெட்டி, சீவும்போதே வளையுது, வெட்டு நேரா விழாது. அப்புறம், கீழ ஒரு நர்சரில ஒட்டுக்கன்னுன்னு காசு வாங்கிட்டு கொடுத்தாங்க, வீட்டுல வந்து தண்டை தடவித் தடவி பாக்குறேன், ஒட்டுன தழும்பே காணோம், சுத்தமான விதைக்கன்னு.

இன்னும் கவரே கழட்டல, அதுக்குள்ள அடுத்த ஆடிக்கு மரத்துலயே விண்பதியன் (கிளையில பட்டைய எடுத்து நார்த்தூள் கட்டி அங்கயே வேர் விட வெக்கிறது) போடலாமான்னு ஓடுது. தென்னை நார்த்தூள் வாங்கியாச்சு. ஐப்பசி கார்த்திகையில பூ வந்து தோட்டமே பாதாம் வாசனை அடிக்கும், அப்ப போய் எந்தக் கிளை தோதுன்னு சுண்ணாம்பு தடவிட்டு வரணும்.